நெடுநாள் கரையில் கிடந்த படகு: இழுத்துப் பார்ப்பதா, திறந்து பார்ப்பதா?

இரண்டு வருடம் தார்ப்பாய்க்குள் கிடந்த ஃபைபர் படகையும் அதன் பின்னால் மாட்டும் 9.9 குதிரைத்திறன் டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜினையும் தண்ணீரில் இறக்கப் போகிறோம் என்றால் கரையில் உடனே இரண்டு கட்சி சேர்ந்துவிடும். ‘கயிற்றை இழு, ஓடுதா பாரு’ என்பது ஒன்று. ‘திறக்காமல் இழுக்காதே’ என்பது மற்றொன்று. நான் இரண்டாவது கட்சி. அதற்காக எல்லாவற்றையும் கழற்றிப் போடச் சொல்லவில்லை.

முதல் சண்டை பெட்ரோலில்தான். பழையதோடு புதியதைக் கலந்து ஓட்டிவிடலாம் என்பார்கள். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் தங்கும். எங்கள் டேங்கில் இருந்ததைக் கண்ணாடி பாட்டிலில் ஊற்றி அரை மணி நேரம் வைத்தேன். கோடு போட்டதுபோல இரண்டு அடுக்கு. இன்ஜினுக்கு வழுவழுப்புக் கொடுக்கும் 2டி ஆயில் பெட்ரோலோடு மேலே நிற்கிறது. டேங்கின் குழாய் உறிஞ்சுவதோ அடியிலிருந்து. ஆயில் இல்லாத தண்ணீரும் எத்தனாலும் போனால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். சில லிட்டர் பெட்ரோலை மிச்சம் பிடிக்கப் போய் சிலிண்டரை இழக்க வேண்டாம். முழுவதும் வடித்துவிட்டுப் புதிதாகக் கலப்பதே சரி. 50:1 என்று கம்பெனி புத்தகம் சொன்னால் லிட்டருக்கு 20 மில்லி ஆயில்.

கார்புரேட்டருக்கு ஸ்பிரே அடித்தால் போதுமா? பிசின்போல இறுகிய பழைய பெட்ரோல், அதன் ஜெட்டுக்குள் (பெட்ரோல் போகும் நுண்துளைத் திருகு) இருக்கும்போது வெளியே அடித்து என்ன பயன்? கழற்றி, ஜெட்டை வானத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். வட்டமாக வெளிச்சம் தெரிய வேண்டும். அடைப்பெடுக்கத் தூண்டில் நரம்பு போதும். இரும்புக் கம்பி விட்டால் துளை பெரிதாகிவிடும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லரில் (சுழலும் இறக்கைச் சக்கரம்) விவாதமே வேண்டாம், மாற்றிவிடுங்கள். இறக்கைகள் மடங்கியபடியே இறுகியிருக்கும். கியர் ஆயிலையும் வடியுங்கள். பால்போல வெளுத்து வந்தால் சீல் போயிருக்கிறது.

கரையில் ஓட்டிப் பார்க்க, இன்ஜின் தண்ணீர் இழுக்கும் துளைகள்மேல் ரப்பர் கிண்ணங்களை மாட்டிக் குழாய்த் தண்ணீர் விடலாம், அல்லது டிரம்மில் இறக்கலாம். கிண்ணம் சுலபம், ஆனால் நழுவினால் பம்ப் வறண்டு ஓடும். எனக்கு 200 லிட்டர் டிரம்தான் பிடிக்கும். விசிறியைக் கழற்றிவிட்டு, தண்ணீர் இழுக்கும் துளைகள் நன்றாக மூழ்கும்படி நிறுத்தினால் போதும்.

அடுத்தது இன்ஜின் மாட்டும் பின்பலகை. என் கவலை முழுக்க இதில்தான். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே வாருங்கள். ‘டக் டக்’ என்றால் நல்லது. ‘தொப்’ என்று ஒலி அடங்கினால் ஃபைபருக்குள் இருக்கும் பிளைவுட் ஊறியிருக்கும். ஒரு சின்னத் துளை போட்டால் பழுப்புத் தண்ணீரோ ஈரத்தூளோ வரும். அப்படி வந்தபிறகு மேலே பூசி மூடுவது வெறும் அலங்காரம். மரத்தை வெட்டியெடுத்து மரைன் பிளைவுட் வைத்தே ஆக வேண்டும். ஒட்டுவதற்குப் பாலியஸ்டர் ரெசினா, எபாக்ஸி ரெசினா? பாலியஸ்டர் விலை குறைவு, எல்லா ஃபைபர் பட்டறையிலும் கிடைக்கும். ஆனால் பழைய பரப்பைப் பிடிப்பதில் எபாக்ஸியே மேல். அதற்கு நெய்த கண்ணாடித் துணி வாங்குங்கள். மலிவான மேட்டில் (நறுக்கிய கண்ணாடி இழை விரிப்பு) இழைகளைப் பிடித்திருக்கும் பசை எபாக்ஸியில் சரியாகக் கரையாது. படகின் உடம்பில் உள்ள சின்னக் கீறல்களுக்குப் பாலியஸ்டர் போதும்.

அப்புறம், இறக்கியவுடன் வெளியே ஓட்டாதீர்கள். கரையில் கட்டியபடி அரை மணி நேரம் ஓடட்டும். இன்ஜினின் பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சுவது நிற்கிறதா என்று பாருங்கள். படகின் அடித்தட்டில் கைவைத்துப் பாருங்கள். காய்ந்திருந்தால் கயிற்றை அவிழ்க்கலாம்.