எகிப்திய நீலமா, லாபிஸ் நீலமா?

பழைய முறையில் ஓவியம் தீட்டுபவர்கள் இந்த இரண்டு நீல நிறமிகளுக்கும் நடுவில்தான் தடுமாறுகிறார்கள்.

விலை: லாபிஸ், ஆப்கானிஸ்தானின் படக்‌ஷான் மலைக்கல், அன்றும் இன்றும் விலை அதிகம். எகிப்திய நீலம், மணல், சுண்ணாம்பு, செம்பு, காரம் சேர்த்துச் சுமார் 900 டிகிரியில் சுட்டெடுப்பது, அவ்வளவு ஆகாது.

உழைப்பு: லாபிஸை வெறுமனே அரைத்தால் சாம்பல் பூத்த நிறம்தான் வரும். மெழுகு, பிசினோடு பிசைந்து காரநீரில் நீலத்தைப் பிரிக்க வேண்டும். எகிப்திய நீலத்தை அரைத்தாலே போதும். ஆனால் ரொம்ப நைசாக அரைத்துவிடாதீர்கள், வெளிறிவிடும்.

நிலைப்பு: இரண்டும் வெயிலுக்கு மங்காது. அமிலம் பட்டால் லாபிஸ் நிறம் இழக்கும். எகிப்திய நீலமோ 3300 ஆண்டுகளாக எகிப்திய அரசி நெஃபர்டிட்டி சிலையின் மகுடத்தில் நிற்கிறது.

சுண்ணச் சுவருக்கு எகிப்திய நீலம். ஆழ்ந்த நீலத்தில் மெல்லிய மேல்பூச்சு வேண்டுமென்றால், செலவானாலும் சரி, லாபிஸ்தான்.