கத்திரி வெயிலும் என் மதர்போர்டும்: மலிவான குளிரூட்டலில் ஐந்து கோடை அனுபவம்

வேலூரில் எங்கள் வீட்டின் மேல்மாடி அறை காங்கிரீட் கூரைக்கு நேர் கீழே இருக்கிறது. சித்திரை பிறந்துவிட்டால் பிற்பகல் மூன்று மணிக்கு அந்த அறையில் 38 டிகிரிக்குக் குறையாது. 2020 ஆகஸ்டிலிருந்து என் கணினி ஓடிக்கொண்டிருப்பது அங்கேதான். திருமண வீடியோக்களைத் தொகுத்துக் கொடுப்பது என் பகுதிநேரத் தொழில் என்பதால், மாதத்தில் பத்துப் பன்னிரண்டு நாட்களாவது அதன் எட்டு கோர்களும் மணிக்கணக்கில் ஓய்வின்றி உழைக்கும். ப்ராசஸர் ஏஎம்டி ரைசன் 7 3700எக்ஸ். மதர்போர்டு, பி450 சிப்செட் (மற்ற பாகங்களை இணைக்கும் துணைச் சில்லு) கொண்ட போர்டுகளில் அன்று மிகக் குறைந்த விலைக்குக் கிடைத்த ஒன்று. அதன் பெயரைச் சொல்லிப் பயனில்லை. அந்த விலையில் விற்ற போர்டுகள் பலவற்றில் ப்ராசஸருக்கு மின்சாரம் தரும் விஆர்எம் பகுதியின் மேல், வெப்பத்தை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டான ஹீட்சிங்க் இருக்காது, என்னுடையதிலும் இல்லை.

முதல் சில மாதங்களுக்கு அது ஒரு குறையாகவே தெரியவில்லை. 2021 மார்ச்சில், ப்ராசஸருடன் வந்த கூலரைக் கழற்றிவிட்டு, உயரமான டவர் கூலர் ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். முழு வேலையின்போது 84 டிகிரி காட்டிய ப்ராசஸர் 72 டிகிரிக்கு இறங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்தப் பெருமை மே மாதம் வரைதான் நீடித்தது. வீடியோ என்கோடிங் (தொகுத்ததை இறுதிக் கோப்பாக மாற்றும் வேலை) பாதியில் இருக்கும்போது, 4 கிகாஹெர்ட்சில் ஓடிய ப்ராசஸர் திடீரென்று 1 கிகாஹெர்ட்சுக்கும் கீழே விழும், சில நொடிகளில் எழும், மறுபடியும் விழும். ப்ராசஸர் வெப்பமோ 74 டிகிரிதான். விண்டோஸைச் சந்தேகித்தேன், டிரைவரைச் சந்தேகித்தேன், எல்லாவற்றையும் அழித்துப் புதிதாக நிறுவி இரண்டு நாட்களை வீணாக்கினேன். பிறகுதான், பாகங்களின் வெப்ப அளவுகளைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளின் நீண்ட பட்டியலில், அதுவரை கண்ணில் படாத ஒரு வரியில், விஆர்எம் 108 டிகிரி என்று இருந்ததைப் பார்த்தேன்.

கணினியின் மின்வழங்கிப் பெட்டியான எஸ்எம்பிஎஸ் தருவது 12 வோல்ட். ப்ராசஸருக்குத் தேவைப்படுவது ஏறக்குறைய 1.2 வோல்ட். இந்த மாற்றத்தைச் செய்பவை ப்ராசஸர் சாக்கெட்டின் இடப்புறமும் மேற்புறமும் வரிசையாக நிற்கும் மாஸ்ஃபெட்டுகளும் (மின்சாரத்தை அதிவேகமாகத் திறந்து மூடும் சில்லுகள்), சோக்குகளும் (கம்பிச்சுருள்கள்), கப்பாசிட்டர்களும்தான் (மின்தேக்கிகள்). 3700எக்ஸ் 65 வாட் ப்ராசஸர் என்று பெட்டியில் போட்டிருந்தாலும், நாம் எதையும் மாற்றாதபோதே அது 88 வாட் வரை இழுக்க அனுமதி உண்டு. தொடர்ச்சியாக 60 ஆம்பியர் வரை மின்னோட்டம் அந்தச் சின்னஞ்சிறு கறுப்புச் சில்லுகள் வழியாகப் பாய்கிறது. அதில் வீணாகும் மின்சாரம் மட்டுமே பத்து வாட் அளவுக்குப் போகும், அத்தனையும் வெப்பம். பெட்டியோடு வந்த கூலர் காற்றை மேலிருந்து கீழே, போர்டின் மீது அடிக்கும். அதன் புண்ணியத்தில்தான் மாஸ்ஃபெட்டுகள் அதுவரை பிழைத்திருந்தன. டவர் கூலரோ காற்றைப் பக்கவாட்டில், போர்டுக்கு மேலாகத் தள்ளிவிடுகிறது. ப்ராசஸரைக் குளிர்விக்க நான் செலவழித்த பணம்தான் அதன் பக்கத்து வீட்டுக்காரனைச் சுட்டது. தண்ணீர் சுழலும் கூலருக்கு மாறுகிறவர்களுக்கும் இதே விபத்து நேர்வதைப் பின்னாளில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அப்போது முழு ஊரடங்கு. சென்னை ரிச்சி தெருவுக்குப் போய் எதையும் வாங்க வழியில்லை. முதல் மருந்தாக, கேபினெட்டின் பக்கக் கதவைக் கழற்றிவிட்டு மேசை விசிறியைத் திருப்பி வைத்தேன். 108 டிகிரி 71 ஆக இறங்கியது. செலவே இல்லாத வழி என்ற அளவில் இதற்கு ஈடாக எதுவும் கிடையாது. அவசரத்துக்கு இன்றைக்கும் இதையே சொல்வேன். ஆனால் ஆறு மாதத்தில் சேர வேண்டிய தூசி ஒரே மாதத்தில் சேர்ந்தது, போதாக்குறைக்கு ஒரு நாள் காலை கிராஃபிக்ஸ் கார்டின் மேல் பல்லி ஒன்று குளிர்காய்ந்து கொண்டிருந்தது. அன்றே கதவை மாட்டினேன்.

அடுத்து, பரணில் கிடந்த பழைய கணினியின் 80 மில்லிமீட்டர் விசிறியை எடுத்து, கேபினெட்டின் பின்பக்க ஓட்டைகளிலிருந்து இரண்டு கேபிள் டைகளால் சாய்வாகத் தொங்கவிட்டேன். பல விசிறிகளின் சட்டத்தில் காற்று எந்தப் பக்கம் போகும் என்பதற்கு அம்புக்குறி இருக்கும். முதல் முறை அதைப் பார்க்காமல் கட்டியதால் வெப்பம் நான்கு டிகிரிதான் குறைந்தது, திருப்பிக் கட்டியதும் 84 டிகிரிக்கு வந்துவிட்டது. அதாவது ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் 24 டிகிரி. மாஸ்ஃபெட்டில் உண்டாகும் வெப்பத்தில் பெரும்பங்கு அதன் பிளாஸ்டிக் முதுகு வழியாக வருவதில்லை. அடியில் உள்ள உலோகத் தகடு வழியாகப் போர்டின் செம்புப் படலத்துக்குள் இறங்குகிறது. ஆகவே சுற்றியுள்ள போர்டுப் பரப்பு முழுவதுமே ஒரு ஹீட்சிங்க்தான். அதன் மேல் காற்று அசைந்தால் போதும்.

இந்த உண்மை அப்போது எனக்குப் புரியாததால், ஊரடங்கு தளர்ந்ததும் நான் முதலில் வாங்கியது ஒட்டும் வகைக் குட்டி ஹீட்சிங்குகள். முப்பரிமாண அச்சு இயந்திரங்களின் மோட்டார் டிரைவர்களில் ஒட்டுவதற்காக விற்கப்படும், 9 மில்லிமீட்டர் சதுரத்துக்குள் அடங்கும் அலுமினியத் துண்டுகள் அவை. பத்துத் துண்டுகள் 150 ரூபாய். அடியில் ஒட்டுநாடாவோடே வரும். எட்டு மாஸ்ஃபெட்டுகளின் மீதும் ஒட்டி முடித்து, அகச்சிவப்பு வெப்பமானியை நீட்டினால் 51 டிகிரி! கொண்டாடிவிட்டுத்தான் மென்பொருளைப் பார்த்தேன். அது 77 என்றது. பளபளக்கும் அலுமினியம் தன் வெப்பத்தை அகச்சிவப்பாக மிகக் குறைவாகவே வெளியிடும், அறையின் வெப்பத்தைத்தான் கண்ணாடிபோல் பிரதிபலிக்கும் என்பதைப் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு துண்டின் மேல் கறுப்பு இன்சுலேஷன் டேப்பை ஒட்டி அளந்தபோது 74 காட்டியது. அந்த வெப்பமானியை நம்பி ஹீட்சிங்குகளைப் புகழ்கிறவர்கள் இந்தச் சோதனையை ஒருமுறை செய்து பார்ப்பது நல்லது.

விசிறியோடு சேர்ந்து குட்டித் துண்டுகள் தந்தது ஏழு டிகிரி. விசிறியை நிறுத்திவிட்டு அவற்றை மட்டும் வைத்துச் சோதித்தபோதும் 108 என்பது 101 ஆனது, அவ்வளவே. 150 ரூபாய்க்கு அது மோசமில்லை என்றுதான் நினைத்தேன், 2022 மே மாதம் வரை. ஒரு பிற்பகல் கேபினெட்டுக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம். திறந்து பார்த்தால், துண்டு ஒன்று கழன்று விழுந்து கிராஃபிக்ஸ் கார்டின் முதுகின் மேல் கிடந்தது. கார்டுக்குப் பிளாஸ்டிக் முதுகுத் தகடு இருந்ததால் தப்பித்தேன். வெற்று மின்சுற்றாக இருந்திருந்தால் அந்த அலுமினியத் துண்டு இரண்டு கால்களை இணைத்துக் கார்டையே கொன்றிருக்கும். மற்ற துண்டுகளை நகத்தால் தொட்டதும் மூன்று கையோடு வந்தன. ஓராண்டு வெப்பத்தில் ஒட்டுநாடா பிசுபிசுப்பை இழந்து அப்பளம் போல் ஆகியிருந்தது. நின்ற நிலையில் இருக்கும் கேபினெட்டில் போர்டு செங்குத்தாக நிற்கிறது என்பதை நினைவில் கொண்டால், ஒட்டுநாடாவை மட்டும் நம்பி உலோகத்தைத் தொங்கவிடுவது எவ்வளவு பெரிய சூதாட்டம் என்பது விளங்கும். வெப்பம் கடத்தும் எபாக்சிப் பசை கழலாதுதான். ஆனால் அதைப் பிறகு பிரிக்க நினைத்தால் மாஸ்ஃபெட்டும் சேர்ந்து வந்துவிடும் அபாயம் இருப்பதால் நான் அந்தப் பக்கம் போகவில்லை.

என் போர்டில் ஹீட்சிங்க் இல்லையே தவிர, விலை கூடிய மாடலுக்காகப் போடப்பட்ட இரண்டு திருகுத் துளைகள் மாஸ்ஃபெட் வரிசையின் இரு முனைகளிலும் காலியாக இருந்தன. பழைய கணினிக் கடையில் 40 ரூபாய்க்கு ஒரு அலுமினிய ஹீட்சிங்கை வாங்கி, தெரிந்த பட்டறையில் நீளவாக்கில் அறுத்து, இரண்டு துளையும் இட்டு வாங்கிக்கொண்டேன். சிக்கல் உயரத்தில் இருந்தது: பக்கத்தில் நிற்கும் சோக்குகள் மாஸ்ஃபெட்டுகளைவிடப் பல மடங்கு உயரம், கப்பாசிட்டர்களும் அப்படியே. பிள்ளைகள் விளையாடும் வண்ணக் களிமண்ணைச் சமையலறை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் சுற்றி, ஹீட்சிங்குக்கும் மாஸ்ஃபெட்டுகளுக்கும் நடுவில் வைத்து மெதுவாக அழுத்தி எடுத்தேன். களிமண் எங்கே எத்தனை மில்லிமீட்டர் தடிமனில் நின்றது என்பதை அளந்தால், எந்தத் தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தை) வேண்டும் என்பதும் எந்தக் கப்பாசிட்டர் இடிக்கிறது என்பதும் ஒரே நேரத்தில் தெரிந்துவிடுகிறது. எனக்கு 1 மில்லிமீட்டர் போதும் என்று களிமண் சொன்னது; நான்தான் பாதுகாப்புக்கு இருக்கட்டும் என்று 1.5 வாங்கினேன். உலோகத் திருகு போர்டின் மின்தடங்களைத் தொடாமலிருக்க நைலான் திருகும் நைலான் வாஷரும் போட்டேன். பேட் 280 ரூபாய், மற்றவை நூறு ரூபாய்க்குள். விசிறியோடு சேர்த்து இப்போது 72 டிகிரி. மூன்று ஆண்டுகளாக அது அசையவில்லை.

விசிறி அப்படியல்ல. பரணிலிருந்து வந்த விசிறி 2022 நவம்பரில் கரகரக்கத் தொடங்கியது. நடுவிலுள்ள ஸ்டிக்கரை உரித்து, தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டதில் நான்கு மாதம் ஓடியது, பிறகு நின்றேவிட்டது. அதற்குப் பதிலாக வாங்கிய 350 ரூபாய் விசிறி இன்றும் சத்தமில்லாமல் சுழல்கிறது. விசிறி எவ்வளவு மலிவாக இருந்தாலும், அதை மதர்போர்டின் விசிறி இணைப்பில் செருகி, சுழற்சி வேகம் மென்பொருளில் தெரியும்படி வைப்பது அவசியம். பழையது நின்ற நாளை நான் அறிந்தது அப்படித்தான்.

இத்தனைக்கும் பிறகு, எல்லாவற்றிலும் மலிவான வழியை நான் 2023இல்தான் முயன்றேன் என்பதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புத் திரையில்) ப்ராசஸருக்கான மின்சார வரம்பை 88 வாட்டிலிருந்து 65 ஆகக் குறைத்தேன். மாஸ்ஃபெட்டின் மின்தடையால் வரும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது; மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தால் அந்த வெப்பம் 36 சதவீதம் குறைந்துவிடும். மேலும் சூடு ஏற ஏற மாஸ்ஃபெட்டின் மின்தடையும் ஏறுவதால், குளிர்ந்த மாஸ்ஃபெட் இன்னும் குறைவாகவே சுடும். 72 டிகிரி 61 ஆனது. 52 நிமிடத்தில் முடிந்த என்கோடிங்குக்கு இப்போது 56 நிமிடம் ஆகிறது. அந்த நான்கு நிமிடத்துக்காக நான் இவ்வளவு அலுமினியத்தை அறுத்திருக்க வேண்டியதில்லை. இதோடு, கோடையில் நீண்ட வேலைகளை விடியற்காலை நான்கு மணிக்குத் தொடங்கும்படி நேரம் குறித்து வைக்கிறேன். அப்போது அறை 30 டிகிரி. அறையில் குறையும் எட்டு டிகிரி ஏறக்குறைய அப்படியே போர்டிலும் குறைகிறது.

மாஸ்ஃபெட்டுகள் உள்ளே 150 டிகிரி வரை தாங்குபவை, பிறகு ஏன் இத்தனை பாடு என்று கேட்பவர்கள் உண்டு. எனக்குக் கவலை அவற்றின் பக்கத்தில் நிற்கும் கப்பாசிட்டர்களைப் பற்றித்தான். இத்தகைய திட பாலிமர் கப்பாசிட்டர்கள் பொதுவாக 105 டிகிரியில் சில ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்ற கணக்கில் செய்யப்படுகின்றன. வெப்பம் 20 டிகிரி குறைந்தால் ஆயுள் பத்து மடங்காகும் என்பது அவற்றைச் செய்பவர்கள் தரும் கணக்கு. 108இலேயே விட்டிருந்தால் என் போர்டு இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகமே.

மற்ற பாகங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. பி450 சிப்செட் ஐந்து வாட் அளவுதான் இழுக்கிறது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டின் சூடான மூச்சு நேராக அதன் மேல்தான் படுகிறது. நான்காம் ஆண்டில் அதன் ஹீட்சிங்கைக் கழற்றியபோது அடியிலிருந்த வெப்பம் கடத்தும் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்திருந்தது; துடைத்துப் புதிது தடவியதில் 72 டிகிரி 64 ஆனது. எம்.2 எஸ்எஸ்டிக்கு (போர்டில் நேராகச் செருகும் சேமிப்பகம்) 220 ரூபாயில் ஹீட்சிங்க் வாங்கி மாட்டியும் 78 டிகிரி குறையவே இல்லை என்று விற்றவரிடம் வாதிட்டேன். கழற்றிப் பார்த்தால், தெர்மல் பேடின் ஒரு பக்கத்தில் நீல நிறப் பாதுகாப்புத் தாளை நான் உரிக்காமலே விட்டிருந்தேன். உரித்து மாட்டியதும் 60. அவரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

கடந்த வாரம் தூசி தட்டுவதற்காகத் திறந்தபோது, மாஸ்ஃபெட் ஹீட்சிங்கின் ஓரத்தில் பேடிலிருந்து எண்ணெய் கசிந்து மினுமினுத்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் பேடிலிருந்து எண்ணெய் இப்படிக் கசிவதுண்டு; 1.5 மில்லிமீட்டர் தேவைக்கு மேல் நசுங்கியிருக்கலாம். பங்குனிக்குள் மாற்றிவிட வேண்டும். இந்த முறை 1 மில்லிமீட்டர்தான் என்று கேபினெட் கதவின் உட்புறத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.