சாந்தோம் கல்லறையைப் பார்க்கக் கட்டணம் கிடையாது, யாரிடமும் கொடுக்காதீர்கள்

வெளியூர் உறவினர்களைச் சென்னை சாந்தோம் பேராலயத்துக்கு அனுப்புகிறவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். அங்கே இயேசுவின் சீடரான தோமையாரின் கல்லறையைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை.

போன மாதம் தூத்துக்குடியிலிருந்து பெரியம்மா வந்திருந்தார். அந்தக் கல்லறையில் செபம் சொல்ல வேண்டும் என்பது அவருடைய நீண்ட நாள் ஆசை. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. அதனால் பழைய ஆலயங்களைச் சுற்றிக் காட்டுவதாக விளம்பரம் செய்திருந்த ஒரு தனியார் சுற்றுலாக்காரரிடம் காருக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து 3,500 ரூபாய் கட்டி, அம்மாவையும் பெரியம்மாவையும் அனுப்பினேன். சாந்தோம், லஸ், சின்னமலை, பரங்கிமலை நான்கும் உண்டு என்று வாட்ஸ்அப்பில் எழுதியே கொடுத்தார்கள்.

சாந்தோமில் இறங்கியதுமே அந்த வழிகாட்டி ‘கல்லறை அனுமதி’ என்று ஆளுக்கு 300 ரூபாய் வாங்கியிருக்கிறார். கல்லறைச் சிற்றாலயம் பேராலயத்தின் பின்பக்கம், தரைக்குக் கீழே, தனி வாசலோடு இருக்கிறது. மேலே பூசை நடக்கும்போதும் தொந்தரவில்லாமல் யார் வேண்டுமானாலும் இறங்கிப் போய் செபிப்பதற்கான வழி அது. அதையே ‘சிறப்பு வழி’ என்று காட்டிக் காசு பிடுங்கியிருக்கிறார். “தோமையாருக்குத்தானய்யா போகுது, போகட்டும்” என்று பெரியம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்திருக்கிறார். முதியோர் பென்ஷன் பணம் அது. எனக்கு ஆறவே இல்லை.

சொன்ன கதைகளும் பொய். கோயிலைத் தோமையாரே கட்டினாராம், உடல் முழுவதும் கீழே இருக்கிறதாம். போர்த்துகீசியர் 16ஆம் நூற்றாண்டில் கட்டிய கோயில் இருந்த இடத்தில் ஆங்கிலேயர் காலத்தில் எழுப்பப்பட்டு, 1896இல் புனிதப்படுத்தப்பட்டதுதான் இன்றைய கட்டடம். தோமையாரின் திருப்பண்டங்களில், அதாவது உடலின் எச்சங்களில், பெரும்பகுதி 1258இலிருந்து இத்தாலியின் ஓர்த்தோனாவில் இருக்கிறது. இங்கே இருப்பது சிறு பகுதிதான். உண்மையைச் சொல்லியிருந்தாலும் பெரியம்மாவின் பக்தி துளியும் குறைந்திருக்காது.

அப்புறம், லஸ் ஆலயம் மூடியிருக்கிறது என்று சொல்லிக் கார் நிற்காமலே போயிருக்கிறது. பரங்கிமலையில்தான் பெரிய அநியாயம். கார் மேலே போகாது, 135 படியும் ஏறித்தான் ஆக வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூட்டுவலிக்காரர் எப்படி ஏறுவார்? அடிவாரத்திலேயே உட்கார்ந்து செபமாலை சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறார். உச்சி வரைக்கும் நல்ல தார்ச்சாலை இருக்கிறது!

கேட்டதற்கு, வழிகாட்டி தங்கள் ஆள் இல்லை என்றார்கள். இப்போது போனையே எடுப்பதில்லை. வாட்ஸ்அப் செய்தியையும் பணம் கட்டிய விவரத்தையும் வைத்து 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன்.

இதற்கு சுற்றுலாக்காரரே தேவையில்லை. திருமயிலை ரயில் நிலையத்தில் இறங்கினால் லஸ் ஆலயம் நடக்கிற தூரம், அங்கிருந்து சாந்தோமுக்கு ஆட்டோ. காணிக்கை போட விரும்பினால் உள்ளே இருக்கும் உண்டியலில் உங்கள் கையாலேயே போடுங்கள். பரங்கிமலைக்கு வண்டி பேசும்போது, அடிவாரம் இல்லை, மேலே ஆலய வாசல் வரை என்று முதலிலேயே சொல்லிப் பேசிக்கொள்ளுங்கள்.