பி.எஸ்.6 டீசல் காரில் எரியும் மஞ்சள் விளக்குகள்: ஒன்றரை ஆண்டு அனுபவம்

கோயம்புத்தூரில், வண்டிப் புகைக்கு வரம்பு வைக்கும் பி.எஸ்.6 விதிப்படி வந்த ஒரு டீசல் எஸ்.யு.வி.யை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஒன்றரை ஆண்டு ஆகிறது. இழுவை, மைலேஜ், சீட் வசதி பற்றியெல்லாம் நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது மீட்டரில் எரியும் மஞ்சள் விளக்குகளைப் பற்றி மட்டும். விளக்கு எரிந்ததும் பதறிப்போய்ப் பணத்தைக் கொட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன், எரிந்தால் எரியட்டும் என்று மாதக்கணக்கில் ஓட்டுபவர்களையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே தேவையில்லாத நஷ்டம்.

நிறத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆயில் பிரஷர், டெம்பரேச்சர் போன்ற சிவப்பு விளக்கு எரிந்தால் ஓரங்கட்டி எஞ்சினை அணைத்துவிட வேண்டும். அடுத்த பெட்ரோல் பங்க் வரை போகலாம் என்றுகூட நினைக்கக் கூடாது. மஞ்சள் என்றால் ஓட்டலாம், ஆனால் சீக்கிரம் பார்க்க வேண்டும். பெட்ரோல் காரில் செக் எஞ்சின் விளக்கு விட்டு விட்டு மின்னினால் மட்டும் கதை வேறு. அது பெரும்பாலும் மிஸ்ஃபயர், அதாவது எஞ்சினுக்குள் பெட்ரோல் சரியாக எரியவில்லை. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் அதையே பாழாக்கிவிடும்.

என் காரில் முதலில் எரிந்தது டி.பி.எஃப். விளக்கு. 2020 ஏப்ரல் 1-இல் பி.எஸ்.6 கட்டாயமானது. அதற்கு முன் பி.எஸ்.4 டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் வரை கரித்துகள் வெளியிடலாம். இப்போது 4.5 மில்லிகிராம்தான். இவ்வளவு குறைக்க வேண்டும் என்பதால் புகை போகும் வழியில் ஒரு வடிகட்டி வைக்கிறார்கள், அதுதான் டி.பி.எஃப். தேன்கூடு மாதிரியான பீங்கான் கட்டி. ஒவ்வொரு துளைக்கும் ஒரு முனை அடைத்திருக்கும். புகை பக்கச்சுவர் வழியாகக் கசிந்து வெளியேறும், கரி உள்ளே தங்கிவிடும்.

தங்கிய கரியை எரிக்கச் சுமார் 600 டிகிரி வெப்பம் வேண்டும். எஞ்சின் கம்ப்யூட்டர் டீசலைக் கொஞ்சம் கூடுதலாக, தாமதமாகத் தெளித்து அந்த வெப்பத்தைக் கொண்டுவரும். இதைத்தான் ரீஜெனரேஷன் என்கிறார்கள். ஒரே சீராக ஓடினால் கால்மணி நேரம், இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். பிள்ளையைப் பள்ளியில் விட்டு, காந்திபுரம் சிக்னலில் நின்று, காய்கறி வாங்கி வீட்டுக்கு வந்து அணைத்தால் பாதியிலேயே நின்றுபோகும். தினமும் இப்படியே நடந்தால் கரி சேர்ந்து விளக்கு எரியும். அது கோளாறு இல்லை. என்னைக் கொஞ்ச நேரம் நெடுஞ்சாலையில் ஓட்டு என்று கார் கேட்கிறது, அவ்வளவுதான்.

விளக்கு வருவதற்கு முன்பே அடையாளம் தெரியும். நின்றிருக்கும்போது ஆர்.பி.எம். வழக்கத்தைவிடச் சற்று ஏறியிருக்கும், மைலேஜ் திடீரென்று இறங்கும், அணைத்த பிறகும் ஃபேன் சத்தமாக ஓடும், சூடான வாடை வரும். அப்படி இருந்தால் என் மனைவி வீட்டு வாசலில் அணைக்காமல் இன்னொரு சுற்று போய்விட்டு வருவார். நகரத்துக்குள்ளேயே ஓடிய வாரமாக இருந்தால், நீலாம்பூர் தாண்டி சேலம் நெடுஞ்சாலையில் ஏறிப் பெருந்துறை வரை போய் வருகிறோம். ஒரு கியர் குறைத்து 2000 ஆர்.பி.எம்முக்கு மேல், 70, 80 வேகத்தில் சீராக. இந்தப் பழக்கம் வந்த பிறகு டி.பி.எஃப். விளக்கு அபூர்வமாகிவிட்டது.

அப்புறம் ஒரு நாள் செக் எஞ்சின் விளக்கே எரிந்தது. இழுவையும் போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் ஸ்கேனரைச் சொருகிப் பார்த்துவிட்டு, டி.பி.எஃப். போய்விட்டது, மாற்ற வேண்டும், ஒரு லட்சத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். ஸ்கேனரில் என்ன கோட், அதாவது கோளாறைக் குறிக்கும் எண், வந்தது என்று கேட்டேன். சொல்லவே தயங்கினார்கள், கேட்டுக் கேட்டுத்தான் வாங்கினேன். பி2453. வடிகட்டியில் கரி நிறைந்துவிட்டது என்றால் வரவேண்டியது பி2463. பார்ப்பதற்கு ஒரே ஒரு எண்தான் வித்தியாசம், ஆனால் பி2453 வடிகட்டியைப் பற்றியதே இல்லை. வடிகட்டிக்கு முன்னும் பின்னும் உள்ள அழுத்தத்தை அளக்கும் சென்சார் தரும் கணக்கு சரியில்லை என்பதுதான் அதற்குப் பொருள்.

காரை எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சாவியை மட்டும் திருப்பி, எஞ்சினை ஓடவிடாமல், சென்சார் பூஜ்ஜியம் காட்டுகிறதா என்று பார்த்தார். காட்டியது, அதாவது சென்சாரில் குறை தெரியவில்லை. பிறகு கீழே படுத்துக் கையை விட்டுத் துழாவினார். “அண்ணா, ஃபில்டர் நல்லாத்தானுங்க இருக்குது. இந்த ஹோஸைப் பாருங்க.” சென்சாருக்குப் போகும் ரப்பர் ஹோஸ் சூட்டில் வெடித்திருந்தது. மாற்றியதற்கு ஒரு டேங்க் டீசல் காசுகூட ஆகவில்லை. அந்தக் கோட் அதன் பிறகு வரவில்லை.

லட்ச ரூபாய்க்கும் ஒரு ரப்பர் ஹோஸுக்கும் நடுவில் இருந்தது அந்தக் கோட் மட்டும்தான். காசு கொடுப்பவர் நாம், கோட் என்ன என்று கேட்பது நம் உரிமை. அன்றைக்கே ஒரு ப்ளூடூத் ஓ.பி.டி. ஸ்கேனர் வாங்கிவிட்டேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 பின் சாக்கெட்டில் சொருகினால் கோட் போனிலேயே தெரியும். ஆனால் அந்தக் கோட் எண்ணை அழித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று ஓட்டாதீர்கள். கோளாறு அங்கேயேதான் இருக்கும், அதைக் கண்டுபிடிக்க உதவும் பதிவுதான் போய்விடும்.

ஆயிலையும் சொல்ல வேண்டும். ரீஜெனரேஷன் அடிக்கடி பாதியில் நின்றால் எரியாத டீசல் எஞ்சின் ஆயிலில் கலந்து அளவு ஏறும். டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டைத் தாண்டினால் ஆயிலை மாற்றியே ஆக வேண்டும். ஊற்றுவது கையேட்டில் சொன்ன சாம்பல் குறைந்த ரகமாக இருக்கட்டும். கரி எரிந்துபோகும், ஆயில் விட்டுச்செல்லும் சாம்பல் எரியாது, அது வடிகட்டியிலேயே தங்கிவிடும்.

சில இடங்களில் டி.பி.எஃப்.ஐ வெட்டி எடுத்துவிட்டு, விளக்கு எரியாதபடி புரோகிராம் செய்து தருகிறேன் என்கிறார்கள். சட்டமும் அனுமதிக்காது, நானும் செய்ய மாட்டேன். எனக்குப் பின்னால் ஸ்கூட்டரில் குழந்தையோடு வருபவர் அந்தக் கரியைச் சுவாசிக்க வேண்டும்.

தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓட்டுபவர்கள் பெட்ரோல் காரே வாங்குங்கள். செகண்ட் ஹேண்ட் டீசல்தான் என்று முடிவு செய்துவிட்டால், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் சாவியைத் திருப்பி, செக் எஞ்சின் விளக்கு ஒருமுறை எரிந்து, ஸ்டார்ட் ஆனதும் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றால் யாரோ அதை மறைத்திருக்கலாம். அப்புறம் ஸ்கேனரைச் சொருகி, கோட் அழித்த பிறகு ஓடிய தூரம் எவ்வளவு என்று பாருங்கள், பல கார்களில் இது தெரியும். இருபது, முப்பது கிலோமீட்டர் என்று காட்டினால் ஏன் அழித்தீர்கள் என்று விற்பவரிடம் நேராகக் கேளுங்கள். சரியான பதில் வராவிட்டால் வேறு கார் பாருங்கள்.