திட்டினால் என்ன ஆகும்? ஓர் ஆடியோ வகுப்பு, மூன்றரை நட்சத்திரம்

தள்ளுபடியில் 499 ரூபாய் என்பதால்தான் வாங்கினேன். ஒருவர் நம்மைப் புண்படுத்தினால் எந்த ஊர்க்காரர் என்ன செய்வார் என்று ஆறு மணி நேரம் ஆங்கிலத்தில் பேசுகிறார்கள். சமைத்துக்கொண்டே நாலு நாளில் கேட்டு முடித்தேன்.

இரண்டாவது பாடத்துக்கே கொடுத்த காசு சரியாகப் போய்விட்டது. டவ் கோஹன், ரிச்சர்ட் நிஸ்பெட் முதலானோர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் செய்து 1996இல் வெளியிட்ட ஆய்வு அது. குறுகலான நடைவழியில் போகிற மாணவனை ஒருவன் தோளால் இடித்து, கெட்ட வார்த்தை சொல்லிவிட்டுப் போகிறான் (ஆய்வாளர்கள் செட்டப் செய்த ஆள்தான்). எச்சிலைச் சோதித்தால் அமெரிக்கத் தென்மாநிலப் பையன்களுக்கு கார்டிசால் (மன அழுத்தத்தில் ஏறும் ஹார்மோன்) 79 சதவீதம் ஏறியிருக்கிறது, வடக்கத்திப் பையன்களுக்கு 33தான், அவர்களில் பலருக்குச் சிரிப்புதான் வந்திருக்கிறது. காரணமாகச் சொல்வது ஆடுமாட்டை: தெற்கில் குடியேறியவர்களில் நிறையப் பேர் மேய்ச்சல் வழிவந்தவர்கள், மந்தையை ஒரே ராத்திரியில் ஓட்டிக்கொண்டு போய்விடலாம், காவலும் நீதிமன்றமும் எங்கேயோ இருக்கும், அதனால் 'இவன்கிட்ட வச்சுக்காதே' என்ற பேர்தான் அவர்களுக்கு வேலி. இதற்குத்தான் 'கௌரவப் பண்பாடு' (culture of honor) என்று பெயர்.

அடுத்து ஜீன் பிரிக்ஸ். 1963இல் கனடாவின் ஆர்க்டிக் பகுதிக்குப் போய் ஓர் இன்யூட் பழங்குடிக் குடும்பத்தோடு தங்கிய மானிடவியலாளர். வெளியிலிருந்து மீன்பிடிக்க வந்தவர்கள் அந்த மக்களின் படகு ஒன்றை இரவல் வாங்கி உடைத்துவிட்டு இன்னொன்றையும் கேட்க, இவர் அவர்களிடம் கத்திவிட்டார். கத்தியது அந்த மக்களுக்காகத்தான், ஆனாலும் அவர்கள் சுமார் மூன்று மாதம் இவரை ஒதுக்கி வைத்தார்கள். யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை, மரியாதையாகவே நடந்துகொண்டார்கள், கூடாரத்துப் பக்கம் வருவதை மட்டும் நிறுத்திவிட்டார்கள்.

இவ்வளவு நல்ல கதையைச் சொல்லிவிட்டு, கடைசி வினாடி வினாவில் 'பேசாமல் விலகிப் போவேன்' என்று நான் தேர்ந்தெடுத்ததற்கு 'நீங்கள் எளிதில் மன்னிப்பவர்' என்று வருகிறது! தம்பி கல்யாணத்துக்கு முறையாக அழைக்கவில்லை என்று எங்கள் பெரியம்மா எட்டு வருடம் அப்பாவோடு பேசவில்லை, தண்ணீர் வேண்டுமா என்பதைக்கூட சுவரைப் பார்த்துத்தான் கேட்பார், அதை மன்னிப்பு என்று எங்கள் வீட்டில் யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். பாடத்தை எழுதியவரும் வினாடி வினா எழுதியவரும் வேறு வேறு ஆள் போல.

தமிழ் வசன வரிகளை நிறுத்திவிடுங்கள், 'கௌரவப் பண்பாடு' என்று வரவேண்டிய இடத்தில் 'மரியாதை தயிர்' என்று ஓடுகிறது (ஆங்கிலத்தில் culture என்றால் தயிர் உறையும்தான்!). முழு விலை 1,999க்கு வேண்டாம், தள்ளுபடி வரும்வரை பொறுத்து வாங்குங்கள்.