கோடை முகாமில் குகை: காலைச் சுற்றா, மதியச் சுற்றா?

குகை என்றாலே குளுகுளு என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள். உள்ளே இருக்கும் வெப்பநிலை அந்த இடத்தின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். அமெரிக்காவின் மாமத் குகையில் ஏறக்குறைய 12 டிகிரி செல்சியஸ், அங்குள்ள கார்ல்ஸ்பாட் குகையில் 13. வெப்பமண்டலக் குகையோ 25 டிகிரியைத் தொடலாம். காற்றில் ஈரம் ததும்புவதால் வியர்வை காயாமல் புழுங்கும். அப்படிப்பட்ட குகைக்குக் காலைதான் நல்லது, யோசிக்கவே வேண்டாம். கேள்வி எழுவது குளிர்ந்த குகைக்குத்தான்.

காலை 9 மணிச் சுற்றில் கூட்டம் குறைவு, பிள்ளைகளும் தெம்பாக இருப்பார்கள். சிக்கல் வெளியே வந்த பிறகு. 11 மணிக்குக் கூடாரத்துக்குத் திரும்பினால் அது அடுப்பாகக் கிடக்கும். மூடிய துணிக்குள் வெளியைவிடச் சூடு அதிகம். அதன்பின் மாலை வரை ஐந்தாறு மணி நேரம் எங்கே ஒதுங்குவது? நாளின் குளிர்ந்த நேரத்தைக் குளிர்ந்த இடத்தில் செலவழித்துவிட்டு, வெயிலுக்கு வேறு இடம் தேடும் கதை இது.

மதியம் ஒன்றரைக்குத் தொடங்கும் இரண்டு மணி நேரச் சுற்று இதைச் சரிசெய்கிறது. நடை, சமையல், குளியல் எல்லாம் 11 மணிக்குள் முடியும். வெயில் உச்சத்தில் இருக்கும்போது நீங்கள் பூமிக்கடியில். ஆனால் இடம் சீக்கிரம் தீர்ந்துபோகும், முன்பதிவு இல்லாமல் நம்பக் கூடாது. மதியம் தூங்கும் மூன்று வயதுக் குழந்தை இருக்கும் குடும்பத்துக்கு இது ஒத்துவராது. இருட்டில், குளிரில், பாதித் தூக்கத்தில் அழத் தொடங்கினால் நடுவழியில் திரும்புவது சுலபமல்ல. அவர்கள் காலையிலேயே போய்விடலாம்.

அடுத்து, விளக்குப் போட்ட நடைபாதைச் சுற்றா, தவழ்ந்து போகும் சுற்றா? பத்து வயதுக்குக் கீழே பிள்ளை இருந்தால் நடைபாதைதான். அதிலும் தூரத்தைவிடப் படிக்கட்டு எண்ணிக்கையைக் கேளுங்கள்: கால் கிலோமீட்டரில் நூறு படி இருந்தால் தாத்தா பாட்டிக்கு மூச்சு வாங்கும். தள்ளுவண்டி உதவாது. முதுகில் உயரமாகத் தூக்கும் கூடையில் உட்காரும் குழந்தையின் தலை தாழ்ந்த பாறையில் இடிக்கும். நெஞ்சோடு கட்டும் துணித் தூளி பாதுகாப்பு. தவழும் சுற்றுக்கு வயது, உடல் சுற்றளவு வரம்புகள் இருக்கும். முழங்கால் உறை, கணுக்காலை மூடும் பூட்ஸ், தலைவிளக்கோடு ஆளுக்கு இரண்டு மாற்று விளக்கு வேண்டும். ஜீன்ஸ் வேண்டாம், நனைந்தால் கனக்கும், காயாது, குளிர் ஏறும்.

எந்தச் சுற்றானாலும் செருப்புக்கு இடமில்லை. ஈரப்பாறை வழுக்கும். முழுக்கை ஸ்வெட்டரைக் காரில் விட்டுவிட்டு வருபவர்கள்தான் அதிகம், வெளியே 38 டிகிரி அடிக்கும்போது அது நினைவுக்கே வராது. பல குகைகளில் உள்ளே கழிப்பறை கிடையாது. போகும் முன்பே பிள்ளைகளைக் கூட்டிப் போய்விடுங்கள். வெளியே வரும்போது வெளிக்காற்றில் ஈரம் இருந்தால் மூக்குக்கண்ணாடியிலும் கேமராவிலும் ஆவி படியும். கேமராவைப் பைக்குள் மூடி வைத்து அரை மணி கழித்து எடுங்கள்.

ஒரே பயணத்தில் இரண்டு குகை பார்ப்பதாக இருந்தால் மாற்று உடுப்பும் காலணியும் வேண்டும். 2006இல் நியூயார்க் மாநிலத்தில் முதலில் தென்பட்ட வெள்ளை மூக்கு நோய் வட அமெரிக்காவில் லட்சக்கணக்கான வௌவால்களைக் கொன்றது. அதற்குக் காரணமான பூஞ்சை மனிதர்களின் செருப்பிலும் துணியிலும் ஒட்டிப் பரவும். முதல் குகையில் போட்டதை மூடிய பையில் கட்டித் தனியே வையுங்கள்.