நாலு ஊர், நாலு கார்டு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த்தில் ஆயா வீட்டு மேசைமேல் என் பர்ஸைக் கவிழ்த்தேன். விழுந்தவை நாலு பயணக் கார்டுகள். டர்பன் பஸ்ஸுக்கு மூவோ, ஜோகன்னஸ்பர்க்கில் ரியா வாயா பஸ்ஸுக்கு ஒன்று, கௌட்ரெயின் என்ற வேக ரயிலின் கோல்ட் கார்டு, கேப் டவுனில் அக்கா வீட்டுக்குப் போனபோது எடுத்த மைகனெக்ட். "என்னப்பா, ரம்மி ஆடப் போறியா?" என்றார் ஆயா. ரம்மியிலாவது நாலு சேர்ந்தால் ஒரு செட். இவை சேரவே சேராது.

இவற்றில் ஒன்றில் எண்பது ராண்ட் சொச்சம் கிடந்தது. எந்த ஊர் என்று சொல்லமாட்டேன். இரண்டு வருஷம் கழித்துப் போய்த் தட்டினால் சிவப்பு விளக்கு எரிகிறது. கார்டு காலாவதியாம். மிச்சப் பணத்தைத் திரும்ப வாங்க ஒரு படிவம், அடையாள அட்டை நகல், அப்புறம் தெருக்கோடியில் வேறொரு கவுண்டர். விமானத்துக்கு நேரமாகிவிட்டது, விட்டுவிட்டேன்.

இத்தனைக்கும் இந்த நாட்டில் திட்டம் இல்லாமல் இல்லை. நகரங்களின் கட்டண முறைகள் வங்கிகள் வெளியிடும் ஈஎம்வி (வங்கிக் கார்டுச் சிப்புகளுக்கான பொதுத் தரம்) கார்டுகளை வைத்தே அமைய வேண்டும் என்று 2011-லேயே தேசியப் போக்குவரத்துத் துறை விதி போட்டது. ஓர் ஊர்க் கார்டு இன்னோர் ஊரிலும் செல்ல வேண்டும் என்பதுதான் நோக்கம். கௌட்ரெயின் அதற்கு முந்தியே, 2010 உலகக் கோப்பை சமயத்தில், சொந்தக் கார்டோடு ஓட ஆரம்பித்துவிட்டது. மற்ற நகரங்களோ ஆளுக்கொரு வங்கி, ஆளுக்கொரு கட்டணத் திட்டம், ஆளுக்கொரு மென்பொருள் என்று கிளம்பிவிட்டன. சிப்புகள் ஒரே பாஷை பேசினால் மட்டும் போதாது. டர்பனில் ஏற்றிய பணத்தில் நான் கேப் டவுனில் பஸ் ஏறினால், அந்தக் காசை யார் யாருக்கு, எப்போது, எவ்வளவு கமிஷன் பிடித்துக்கொண்டு கொடுப்பது? அந்தக் கணக்கைத் தீர்க்க ஓர் ஆள் வேண்டும். மற்ற நாடுகளின் முறைகளை நான் எடைபோடுவதும் இந்தக் கேள்வியை வைத்துத்தான்.

ஜப்பானில் காசு கார்டுக்குள்ளேயே இருக்கும். டோக்கியோவின் சுய்க்கா கார்டு 2001-ல் வந்தது. 2013 மார்ச் 23 முதல் நாடு முழுக்கப் பத்து கார்டுகள் ஒன்றின் ஊரில் மற்றொன்று செல்லுபடியாகின்றன. வேகத்தில் அதை மிஞ்ச ஆளில்லை. ஆனால் ஒரு வட்டாரத்தில் தட்டி ஏறி, அடுத்த வட்டாரத்தில் தட்டி இறங்குவது பொதுவாக முடியாது. அதற்குத் தனி டிக்கெட் எடுக்க வேண்டும். கருவிகளின் விலையும் கொஞ்சநஞ்சமல்ல. குமாமோட்டோவில் ஐந்து நிறுவனங்கள், பழைய கருவிகளை மாற்றும் செலவுக்குப் பயந்து, 2024 நவம்பரில் இந்தத் தேசிய ஏற்பாட்டிலிருந்து விலகி, கிரெடிட் கார்டைத் தட்டும் முறைக்குப் போய்விட்டன. ஜப்பானிலேயே ஒரு சின்ன நகரத்துக்குக் கட்டுபடியாகவில்லை என்றால் நமக்கு எப்படி?

இந்தியாவின் தேசியப் பொது மொபிலிட்டி கார்டு எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது. 2019 மார்ச்சில் தொடங்கியது. அதாவது நம் விதிமுறைக்கு எட்டு வருஷம் பிந்தி! சென்னைக்குப் போனபோது மெட்ரோ நிலையத்தில் அந்த வகையில் 'சிங்காரச் சென்னை' கார்டு ஒன்று எடுத்தேன். அதே கார்டைப் பெங்களூரு மெட்ரோ கேட்டில் பயந்து பயந்து வைத்தேன், கதவு திறந்தது. பின்னால் நின்ற பெண்மணி, "நகருங்க சார்" என்றார். அவருக்கு அது அதிசயமில்லை.

உள்ளே நடப்பது எளிது. சிப்பில் ஒரு சின்னப் பணப்பை, அதிகபட்சம் 2000 ரூபாய். கேட் அதிலிருந்தே கழித்துக்கொள்ளும், அந்த நொடியில் வங்கியைக் கேட்கத் தேவையில்லை. கரண்ட் போய், செல்போன் கோபுரமும் அடங்கிப்போகும் லோட் ஷெடிங் பார்த்த நமக்கு இதன் அருமை தெரியும். மாதப் பாஸ் போன்றவற்றுக்குச் சிப்பில் தனி இடமும் உண்டு. காசுக் கணக்கை வங்கிகளுக்கு நடுவே தீர்க்க ரூபே என்ற இந்தியக் கார்டு வலையமைப்பு இருக்கிறது. நமக்கு அமையாமல் போனது அந்த நடு ஆள்தான். குறை இல்லாமலா? ஆன்லைனில் பணம் போட்டாலும் அது சிப்பில் ஏற, நிலையத்துக் கருவியில் ஒருமுறை வைத்தாக வேண்டும். பெங்களூரு கேட்டில் நான் பயந்து பயந்து வைத்தது அதனால்தான்.

லண்டன் இந்தத் தலைவலியையே எடுத்துவிட்டது. 2012 டிசம்பரில் பஸ்களிலும், 2014 செப்டம்பரில் ரயில்களிலும், பையில் ஏற்கெனவே இருக்கும் வங்கிக் கார்டையே தட்டச் சொன்னது. தட்டியதும் கதவு திறக்கிறது, காசு அப்போது போவதில்லை. நாள் முழுக்கத் தட்டியதைக் கூட்டி, உச்சவரம்புக்குமேல் போகாமல் பார்த்து, பிறகுதான் வசூலிக்கிறார்கள். கணக்கில் பணம் இல்லையென்றால் அடுத்த முறை கதவு திறக்காது. வெளியூர்க்காரன் எதையும் வாங்க வேண்டாம், எதையும் ஏற்ற வேண்டாம். நகரங்கள் தங்களுக்குள் ஒப்பந்தம் போடவும் வேண்டாம், வங்கிகளுக்கு இடையே கணக்குத் தீர்ப்பது முன்பே நடந்துகொண்டிருக்கிறது.

ஊர் விட்டு ஊர் போகிறவனுக்கு இதுதான் என் தேர்வு. கௌட்ரெயினும் இப்போது வங்கிக் கார்டை ஏற்கிறது. கோல்ட் கார்டை அக்கா மகளிடம் விளையாடக் கொடுத்துவிட்டேன்.

ஆயாவுக்கு இது சரிவராது. லண்டனிலேயே முதியோர், மாணவர் சலுகைக்குத் ஆய்ஸ்டர் போன்ற தனிப் பயணக் கார்டுதான் வேண்டும், வங்கிக் கார்டுக்கு நம் வயசு தெரியாது. மாதக் கடைசியில் கணக்கில் பத்து ராண்ட் இல்லாதவருக்கும், சம்பள நாளிலேயே பயணக் காசை ஒதுக்கி ஏற்றிவைக்கும் கார்டுதான் துணை. தினம் பஸ் ஏறுகிறவருக்கு இந்திய ஏற்பாடுதான் நல்லது என்பேன்.

இத்தனை பேசினாலும், இந்த நாட்டில் பஸ்ஸையும் ரயிலையும்விட அதிகம் பேர் ஏறுவது மினிபஸ் டாக்ஸியில். அங்கே ரொக்கம்தான். போன மாதம் ஜோகன்னஸ்பர்க்கில் லெனேசியாவிலிருந்து டவுனுக்கு ஏறி, தெரியாத்தனமாக முன் ஸீட்டில் உட்கார்ந்துவிட்டேன். அங்கே உட்கார்ந்தவர்தான் கணக்குப்பிள்ளை. பின்னாலிருந்து நோட்டுகள் தோள்மேல் வருகின்றன. இரண்டு பேருக்கு ஐம்பது, மூன்று பேருக்கு நூறு, ஒருவர் வெறும் சில்லறை. நான் எண்ணி, பிரித்து, மீதியைப் பின்னால் அனுப்பி, கடைசியில் ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் சாலையைப் பார்த்தபடியே விரலால் தடவி, "ஏழு ராண்ட் குறையுது" என்றார். என் பாக்கெட்டிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.